கழுத்திலிருந்து வந்த அரிப்பு

திண்டிவனம்,
22.5.1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கிருஷ்ணவேணி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் அங்கே சுகமாக இருக்க மயிலம் முருகன் துணை. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். இத்தனை நாள் நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு ராஜாமணிதான் எழுதினாள். என் கை பட்ட காகிதம் ஜம்முவில் உங்கள் பட்டாளம் வரை வந்து உங்களுக்கும் அரிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று உங்கள் அம்மாவுக்குப் பயம். இது நானே எழுதுவது. சந்தோஷத்தில் முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை, விழுப்புரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் லூர்துமேரியைப் பார்க்கக் கிளம்பினேன். பஸ் நிலையத்தில் வெயில் தாளாமல் ஒரு குச்சி ஐஸ் வாங்கினேன். வாயில் வைப்பதற்குள் வலது முழங்கை அருகே அந்தப் பாழாய்ப்போன அரிப்பு. சொறிந்தால் பார்க்கிறவர்கள் விலகிப் போவார்களே என்று ஐஸை அப்படியே கையில் அழுத்தினேன். நின்றுவிட்டது மாமா. விளக்கை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. ரவிக்கைக் கையெல்லாம் ஆரஞ்சுச் சாயம் ஆனதுகூட எனக்குத் தெரியவில்லை.

களிம்பு எழுதிக்கொண்டிருந்த டாக்டர் இதைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டார். தோலில் சிரங்கோ தடிப்போ இல்லை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தை வளைத்துப் பார்த்து, "தலையில பாரம் தூக்குவியாம்மா?" என்று கேட்டார். வயலில் பிடுங்கிய மல்லாட்டை மூட்டையைக் களத்துக்கும் பஸ்ஸுக்கும் நான்தானே சுமக்கிறேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "அரிப்பு உன் கையில இல்ல, கழுத்துலேர்ந்து வருது" என்றார்.

முதுகெலும்புக்குள் தண்டுவடம் என்று ஒன்று ஓடுகிறதாம். கை நரம்பெல்லாம் கழுத்துப் பக்கம் அதில் போய்ச் சேர்கிறதாம். அரிப்புச் சேதி அங்கே வந்துதான் மூளைக்குப் போக வேண்டும். வருவதையெல்லாம் அப்படியே விட்டுவிடாமல் அடக்கி வைக்கும் நரம்புகளும் அங்கேயே இருக்கின்றன. நம் ஊர் ரயில்வே கேட் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். குளிர்ச்சியோ சொறிகிற வலியோ வந்தால் கேட் மூடி அரிப்பு நிற்கிறது, விட்டால் திறந்துகொள்கிறது. எனக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை நெருக்குவதால், கையில் ஒன்றுமே இல்லாமல் பொய்ச் சேதி போய்க்கொண்டே இருக்கிறது. இது யாருக்கும் ஒட்டாது என்றார். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவரும் சலிக்காமல் சொன்னார். இனி தலைச்சுமை கூடாது, கழுத்துக்குப் பயிற்சி செய்ய வேண்டும், அரித்தால் ஈரத்துணி போட வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்திலிருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

அத்தையிடம் ஓடிவந்து சொன்னேன். "கழுத்துல நோவுன்னா கழுத்த சொறிஞ்சிக்கினு போயேன், கைய ஏன் சொறியிற?" என்று மடக்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அரிப்பு தீர அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டியாயிற்று, ஆடி கழியட்டும், அதுவரை தனித்தட்டுதான் என்கிறார்கள். என் பாய் இன்னும் மாட்டுக் கொட்டகையில்தான் கிடக்கிறது.

பூங்கொடி இப்போது நன்றாக ஓடுகிறாள். என்னைப் பார்த்து ஓடிவந்தால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். அம்மா விளையாடுகிறாள் என்று அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறாள். பெற்ற பிள்ளையைத் தூக்கி வெகுநாள் ஆகிறது மாமா.

அத்தையைக் குறை சொல்லவில்லை, பேத்தி மேல் அவர்களுக்கு உயிர். ஆனால் உங்கள் பேச்சு ஒன்றுதான் இந்த வீட்டில் எடுபடும். குழந்தையை என்னிடம் கொடுக்கச் சொல்லி அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்கென்ன, அந்தப் பக்கத்து மலையெல்லாம் பனிக்கட்டியாம். என்னையும் அங்கே அழைத்துப் போனால் இந்த அரிப்பு எட்டிக்கூடப் பார்க்காது.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். போன லீவில் என் கையிலிருந்து காபி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, நீங்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனதை நான் பார்த்தேன். கோபமில்லை, அன்று எனக்கே என் கை பிடிக்கவில்லை. இப்போது பிடிக்கிறது. இந்தக் கடிதம் முழுவதும் அந்தக் கையால்தான் எழுதினேன். படித்து முடித்ததும் கை கழுவாதீர்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
கிருஷ்ணவேணி