டிரம் பக்கத்து மைக்

ஜனவரி 19
எங்கள் பாடகன் டிரிக்கஸுக்குத் தொண்டையில் ஆபரேஷன். இனிப் பாட மாட்டான். முப்பது வருஷமாகக் கொலோன் பேச்சில் மட்டுமே பாடும் எங்கள் 'ரைன் தவளைகள்' குழுவுக்கு, அதை நடத்தும் ஷெங் பிடித்து வந்திருப்பது யாரை? மார்வினை. எங்கள் பரம வைரி ஊரான டுசல்டார்ஃப்காரன்! ஊரில் வேறு ஆளே இல்லையா? அம்மா கொலோன்காரியாம். பாடினால் வித்தியாசமே தெரியவில்லை. அதுவும் எரிச்சல்தான்.

பிப்ரவரி 9
கார்னிவல் மேடையில் மூன்று முறை 'கொலோன் அலாஃப்' என்று ஊர் வாழ்த்துக் கோஷம் போட வேண்டும். அவன் ஊரில் 'ஹெலாவ்'. இங்கே அது வாயில் வந்தால் தொலைந்தோம்.
"கோஷத்த நீ போடு மத்தேஸ். உன் டிரம் பக்கத்துல மைக் வைக்கிறேன். அவன நம்ப முடியாது" என்றான் ஷெங்.

பிப்ரவரி 27
தூக்கமில்லை. ஹெலாவ், ஹெலாவ் — அந்தச் சனியன் பிடித்த சொல்லே தலைக்குள் ஓடுகிறது.

பிப்ரவரி 28
பெண்கள் கார்னிவல். காலையிலேயே எவளோ இந்த நாளின் வழக்கப்படி என் டையைக் கத்தரித்துவிட்டாள். மதியம் பெரிய மண்டபம். மைக்கில் வாயை வைத்தேன் — கடவுளே — "கொலோன் ஹெலாவ்!"
நான்! பேராலய மணியோசையில் பிறந்தவன்!
மண்டபமே ஊளையிட்டது. "உன் ஊருக்கே ஓடுடா!" என்று மார்வினைப் பார்த்துத்தான் கத்தினார்கள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு முன்னால் போய், "மன்னிச்சிடுங்க, பழக்க தோஷம்!" என்றான். பாட ஆரம்பித்துவிட்டான். அவன்தான் முந்திக்கொண்டு கத்திவிட்டான் என்று ஷெங்கும் நம்பிவிட்டான். நான் டிரம்மை அடித்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 1
மண்டபச் சங்கத் தலைவர் போன். மார்வின் இருந்தால் அடுத்த வருஷம் எங்களுக்கு மேடை கிடையாது.
"கார்னிவல் முடியற புதன்கிழமை, மீன் சாப்பாட்டோட அவன அனுப்பிடறேன்" என்கிறான் ஷெங்.
நான் வாயைத் திறக்கவில்லை. என்ன மனுஷன்டா நான்?

மார்ச் 4
ஊர்வலம். வண்டியிலிருந்து மிட்டாய் வீசும்போது மார்வினிடம் கேட்டேன், "ஏன்டா சொல்லல?"
"நீங்கன்னு தெரிஞ்சா இந்த ஊர்ல ரொட்டிகூடத் தர மாட்டாங்க, பெரியவரே. நான் ரயிலேறி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

மார்ச் 6
சாம்பல் புதன். மீன் மேசைக்கு வருமுன் எழுந்து, ஹெலாவ் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.
ஷெங் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "நீயா? நீயாடா மத்தேஸ்?"
தலைவருக்கும் நானே போன் செய்தேன். "அப்போ அவன் இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

நவம்பர் 11
புதுக் கார்னிவல் பருவம் இன்று தொடக்கம். மழை. ஆனாலும் சதுக்கம் நிறையக் கூட்டம். மார்வின் முன்னால் நின்று மூன்று முறையும் பிசகாமல் அலாஃப் போட்டான். டிரம் பக்கத்தில் மைக் இல்லை.
ரொட்டிக்கடைக்காரி இன்னமும் "ஹெலாவ், மத்தேஸ்!" என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் ரொட்டி தருகிறாள்.