கம்பி கட்டிய பொத்தான்

தை 20, திங்கள்

விடியலில் நல்ல பனி. எதிர் வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. ஒரகடம் போகும் கம்பெனி பஸ்கள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டே போயின.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருமகள் கலா போனில் ஒரு வழி காட்டிக் கொடுத்தாள். மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். "மனசுலயே வெச்சிகினு புழுங்காத மாமா. இதுல கொட்டிடு. ஒருத்தரும் படிக்க மாட்டாங்க" என்றாள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பேசுகிறேன்.

புதன்கிழமை என் மகன் ஏழுமலை கேஸ். காஞ்சிபுரம்.

அவனுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். போன வருஷம் புரட்டாசியில், தகடு அமுக்கும் பிரஸ் மெஷினில் போனது. மெஷினில் இரண்டு பச்சைப் பொத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கை உள்ளே மாட்டாது. ஒரு பொத்தானை அமுக்கியபடியே கம்பியால் கட்டிவிட்டால்? ஒரு கை சும்மா. அந்தக் கை தகடு வைக்கும். வேலை வேகம். அப்படித்தான் போனது.

கம்பியை அவனாகவே கட்டினான், பாதுகாப்பைத் தானே கெடுத்துக்கொண்டவனுக்கு நஷ்ட ஈடு கிடையாது என்கிறது கம்பெனி. கேஸே அதுதான். கட்டியது யார் சொல்லி?

அவனிடம் நான் இதுவரை கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

எடுத்துப்போக: ஆதார் கார்டு. ஆஸ்பத்திரிச் சீட்டுக் கட்டு. தண்ணீர் பாட்டில். கையை மூடிக்கொள்ள அவனுக்கு ஒரு துண்டு. என் மாத்திரை.

தை 21, செவ்வாய்

பனி குறைவு. வெயில் சுள்ளென்று. கத்தரிக்காய்க் குழம்பு, உப்பு அதிகம்.

சாயங்காலம் முத்துப்பாண்டி வந்தான். ஏழுமலைக்குப் பக்கத்து மெஷின்காரன். சாயல்குடிப் பக்கத்துப் பையன், வல்லத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்து இருக்கிறான். ஆஸ்பத்திரியில் முதல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"உள்ள வாடா. செருப்புக்குக் காவலா?" என்றான் ஏழுமலை.

உட்கார்ந்தான். காபியைத் தொடவில்லை. பிறகு சொன்னான்.

"ஆயுத பூசைக்கு முந்துன நாள், எல்லா மெஷின்லயும் கட்டியிருந்த கம்பிய நாங்கதான் அண்ணே வெட்டி எடுத்தோம். பூசைக்கு மெஷின் சுத்தமா இருக்கணும்ண்டு சூப்பர்வைசர் சொன்னாரு. கட்டுப் போட்ட மெஷினுக்கு எப்படிப் பொட்டு வைக்கிறதுண்டு நானும் சந்தோசமா வெட்டுனேன். குப்பையோட போயிருச்சு. உங்க மெஷின வேற ஒருத்தன் தொடக் கூடாதுண்டு நாந்தான் கழுவுனேன். இடுக்குல எல்லாம் ரத்தம் காஞ்சு கெடந்துச்சு. சோப்பு போட்டு, சந்தனம் வச்சு, பூ சுத்தி... அது கேசுக்கு வேணும்ண்டு எனக்குத் தெரியாதுண்ணே."

கலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கோர்ட்டுல வந்து இதைச் சொல்வியாப்பா?" என்று நான் கேட்டேன்.

தலையைத் தொங்கப் போட்டுவிட்டான். தங்கச்சிக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. காண்ட்ராக்ட் வேலை. வாயைத் திறந்தால் மறுநாளே கம்பெனி கேட்டுக்கு வெளியே.

ஏழுமலைதான் பேசினான். "நைனா, அவன இழுக்காத. டேய், நீ கழுவினது போதும், காபிய குடி. ஆறிப்போச்சு."

அவன் போன பிறகும் கலா தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆசையா கழுவிட்டுப் போய்க்கீறான் பாரு" என்றாள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

தை 22, புதன்

முதல் பஸ். வாலாஜாபாத்தில் ஒரு மணி நேரம் நின்றோம், லாரி ஒன்று குறுக்கே. ஏழுமலை துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம்.

கோர்ட்டு வராண்டாவில் காதில் விழுந்தது:
"வாய்தாவா?"
"வாய்தாதான். வேற இன்னா."

எங்களுக்கு வாய்தா இல்லை. கூப்பிட்டுவிட்டார்கள்.

கம்பெனியின் மெயின்டனன்ஸ் ஆள் கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல், "ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவிப் பெயின்ட் அடிக்கிறது நம்ம ஊர் வழக்கம் மேடம். எந்தக் கம்பெனிக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. இதுல உள்நோக்கம் எதுவும் இல்ல" என்றார். ஜட்ஜம்மா தலையாட்டினார். கழுவுவது வழக்கம்தானே. நானே சைக்கிளைக் கழுவிப் பொட்டு வைத்தவன்தான்.

அப்புறம் ஜட்ஜம்மா அந்த ஆளைப் பார்த்துக் கேட்டார்.

"கழுவினீங்க. சரி. பெயின்ட் அடிச்சீங்க. சரி. பொத்தான் பெட்டிய ஏன் மாத்தினீங்க?"

"பழசாயிடுச்சிங்க மேடம்."

"எல்லா மெஷின்லயும் ஒரே நாள்ல பழசாச்சா? பழைய பெட்டி எங்க?"

"ஸ்கிராப்புல போட்டாச்சிங்க."

"கேமரா பதிவு?"

"அது கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிடுங்க."

"எதையும் மாத்தாதீங்க, பதிவ எடுத்து வைங்கன்னு இவங்க வக்கீல் அனுப்பின நோட்டீஸ், பூஜைக்கு முன்னாடியே உங்க ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே?"

"அது ஆபீஸுக்குங்க. எங்களுக்கு யாரும் சொல்லலைங்க."

"கேமராவுக்கும் பூஜை போட்டுக் கழுவிட்டீங்களா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். டவாலி அதட்டினான். அந்த ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவரும் சம்பளத்துக்கு வந்தவர்.

பிறகு ஏழுமலை. எங்கள் வக்கீலம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார், கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்று.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "பொத்தான்ல கம்பி கட்டினது யார் கை? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

ஏழுமலை துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "என் கைதான் சார். இந்தக் கைதான்."

வக்கீலம்மா பேனாவை மூடினார். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

கம்பெனி வக்கீல், "அவ்வளவுதான் மேடம்" என்று உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜம்மா விடவில்லை. "ஏன் கட்டினீங்க?"

"ஷிப்ட் ஏறும்போது சூப்பர்வைசர் ஆளுக்கு ஒரு துண்டு கம்பி குடுப்பாரும்மா. கட்டலன்னா நாளுக்கு இத்தினி பீஸுன்ற கணக்கு வராது. கணக்கு வரலன்னா வெளிய போன்னுவாரு. எல்லாரும் கட்டினோம். நானும் கட்டினேன்."

"இதுக்கு ஆதாரம் இருக்கா?" கம்பெனி வக்கீல் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"கேமரா என் தலைக்கு மேலதான் சார் இருந்துச்சி. தினம் அதும் கீழ நின்னுதான் குடுப்பாரு."

"கூட வேலை செஞ்சவங்க யாராவது வந்து சொல்வாங்களா?" என்றார் ஜட்ஜம்மா.

முத்துப்பாண்டி பெயர் என் நாக்கு நுனியில். ஏழுமலை என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான்.

"யாரும் இல்லம்மா" என்றான்.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு.

தை 23, வியாழன்

பனி. முழங்கால் வலி. மாத்திரை தீர்ந்தது.

கலா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பையைக்கூட இறக்காமல், "உண்மைய சொல்லிட்டு வந்துகீறாரு பெரிய மனுசன். இன்னா கண்டோம்? இன்னா கண்டோம்ன்றேன்" என்றாள். ஏழுமலை இடது கையால் பனியன் துவைத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே போய்ப் பிழிந்து போட்டாள்.

டீக்கடைக்காரன் பாலகிருஷ்ணன்: "இன்னா பெரியவரே, உன் புள்ள தானே கட்டிகினேன்னு ஒத்துக்கினானாமே. அப்ப இத்தினி நாளா எதுக்குக் கேஸு?" டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் இவன் சொன்னது ஞாபகம் வந்தது. "லைன்ல என் வேகத்துக்கு ஆள் இல்ல நைனா." எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து பேரிடம் சொன்னேன். எதனால் அந்த வேகம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது.

அந்தப் பையன் பெயரைச் சொல்லியிருக்கலாமோ. மனசு சொல்லியிருக்கலாம் என்கிறது. ஏழுமலை பார்த்த பார்வை வேண்டாம் என்கிறது.

வக்கீலம்மாவுக்குக் கலா போன் போட்டாள். "கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் வாங்கினாங்க பாருங்க, அதுதான் நமக்கு இருக்கிற ஒரே பிடி. பொறுங்க" என்றாராம். குரலில் பலம் இல்லை என்றாள் கலா.

மாசி 7, புதன்

வெயில் ஏறிவிட்டது. கோர்ட்டில் மின்விசிறி ஓடவில்லை. இன்றைக்குக் கலாவும் லீவு போட்டு வந்தாள்.

ஜட்ஜம்மா இங்கிலீஷில் படித்தார். அப்புறம் எங்களுக்கும் புரியும்படி, கம்பெனி வக்கீலைப் பார்த்துத் தமிழில் சொன்னார். கேட்டது கேட்டபடி இங்கே சொல்லி வைக்கிறேன்.

"மெஷினக் கழுவினது வழக்கம். அதை நான் தப்பாச் சொல்லல. பொத்தான் பெட்டி ஸ்கிராப்புக்குப் போனது வழக்கம் இல்ல. கேட்டு எழுதினப்புறமும் கேமரா பதிவ அழிய விட்டது வழக்கம் இல்ல. இவர் தன் கையால கட்டினேன்னு சொல்லிட்டார். யார் சொல்லிக் கட்டினார், அதுதான் கேள்வி. அதுக்குப் பதில் அந்தப் பதிவுல இருந்துச்சு. அது உங்க கையில இருந்துச்சு. இவர் சொல்றது பொய்னா, அதைக் காட்டவாவது நீங்க எடுத்து வெச்சிருக்கணும். வெக்கல. அதனால அது உங்களுக்கு எதிராத்தான் பேசியிருக்கும்னு எடுத்துக்கிறேன். தானா கட்டிக்கிட்டார்ன்ற வாதம் இனி இந்தக் கேஸ்ல இல்ல."

பெட்டியையும் பதிவையும் பாதுகாக்காமல் விட்டதற்குக் கம்பெனி தனியாகச் செலவுத் தொகை கட்ட வேண்டும். நஷ்ட ஈடு எவ்வளவு என்பது மட்டும் அடுத்த விசாரணை.

கம்பெனி வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். "உட்காருங்க. அடுத்த கேஸ்."

அவ்வளவுதான். எங்கள் பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள்.

வராண்டாவில் கலா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏழுமலை துண்டை மடித்துப் பையில் வைத்தான். "பசிக்குது நைனா" என்றான். ஓட்டலில் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவன் கையை மேஜை மேலேயே வைத்திருந்தான். சர்வர் பையன் பார்த்தான். பார்க்கட்டும்.

பாலகிருஷ்ணன் கடைக்குப் போகவில்லை. சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லத் தோன்றவும் இல்லை.

மாசி 11, ஞாயிறு

கலா வஞ்சிர மீன் வாங்கி வந்தாள். வாங்கவே யோசிக்கிறவள்.

முத்துப்பாண்டியைப் போன் போட்டு வரச் சொல்லியிருந்தான் ஏழுமலை. மத்தியானம் வந்தான். உத்தரவை முழுக்கக் கேட்டான். இரண்டு தடவை சொல்லச் சொன்னான். "கழுவுனது தப்பில்லண்டு சொன்னாங்களா? ஜட்ஜே சொன்னாங்களா?" கண் கலங்கி, உடனே சிரித்தான். "எத்தனையோ நாளா சரியாத் தூங்கலண்ணே."

"இன்னிக்கித் தூங்கு. மொதல்ல துன்னு" என்று கலா இரண்டு துண்டு மீன் வைத்தாள்.

நான் கேட்டேன். "இப்ப கம்பி எல்லாம் எடுத்துட்டாங்களாப்பா?"

"கம்பி இல்லைய்யா. கம்பெனியில கம்பிண்ட பேச்சே கெடையாது இப்ப." மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னான். "பொத்தான்ல இப்ப கருப்பு டேப்பு. கம்பிண்டா வெட்டணும். டேப்பு ஒரு இழுப்புல வந்துரும். யாருக்காவது அடிபட்டா மொத வேலையா அதை உரிச்சுறணும்ண்டு சொல்லியிருக்காங்க."

கலா கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"நீ ஒட்டியிருக்கியா?" என்றான் ஏழுமலை.

முத்துப்பாண்டி தட்டிலிருந்து கையை எடுத்தான். இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டான்.