சந்தூக்கில் கேட்ட சத்தம்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்தே அனல். கடல் காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பட்டறையில், ஏற்றுமதி மரப்பெட்டிகளைப் பூச்சி சாகச் சூடேற்றும் சூட்டறையின் விசிறி பெல்ட் மறுபடி அறுந்தது. பிரான்சுக்குத் தோல் பை போகிற பெட்டிகள் பாதி சூட்டில் நின்றுவிட்டன. மறுபடி முதலிலிருந்து. சாப்பாடு மூன்றரைக்கு. நூரு போனில் வழக்கமான கேலி: "ஊர்ல எல்லாரும் சோத்த சூடு பண்றாங்க, எங்க வூட்டுக்காரரு கட்டைய சூடு பண்றாரு."

அஸர் தொழுகைக்குப் பின் தையல்கார ஹமீது பாய் அடக்கம். நல்ல மனிதர். என் கல்யாணச் சட்டை அவர் தைத்ததுதான்.

தோள் கொடுத்தேன். தலைப்பக்கம், வலது. தெருமுனை திரும்பும்போது காதுக்குப் பக்கத்திலேயே ஒரு சத்தம். கர்ரக். கொஞ்சம் நின்று மறுபடி கர்ரக். மையத்து வைத்துத் தூக்குகிற சந்தூக்கின் பலகைக்குள்ளிருந்து. என் தோள் எலும்பிலும் அது தெரிந்தது. எதிர்ப்பக்கம், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார். அவரும் என்னைப் பார்த்தார், உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். கலிமாவைக் கொஞ்சம் உரக்கச் சொன்னார். நானும் உரக்கச் சொன்னேன்.

கபர்ஸ்தான் வரைக்கும் அது நிற்கவில்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பயந்துவிட்டேன்.

ஜூன் 10, புதன்

வானம் மூட்டம், மழை இல்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். மறந்தாயிற்று.

லுஹர் தொழுகைக்குப் போனபோது மோதினாரைப் பிடித்தேன். அடக்கம் முடிந்ததும் சந்தூக்கு திரும்பி வந்து பள்ளிவாசலின் பின்னறையில்தான் இருக்கும். அறையைக் கூட்டவே இல்லை, வாசலில் குப்பை.

"உள்ள போறதில்ல தம்பி. மத்தியானத்துல ஆரம்பிக்குது. ரெண்டு மூணு மாசமா."

"சொல்லலாம்ல?"

"யாருகிட்ட சொல்றது? கபீர் பாய் கேட்டுட்டாரு. அன்னைக்கி வெள்ளிக்கிழமை. வந்தாரு, நின்னாரு, செருப்பக்கூட மாட்டாம போயிட்டாரு."

சந்தூக்கைச் செய்ததே கபீர் மச்சான்தான். நூருவின் அண்ணன். குருசுக்குப்பம் போகிற வழியில் மரப் பட்டறை. போன வருஷம் நோன்புக்கு முன், அவருடைய அத்தா பேரில் பள்ளிக்குக் கொடுத்தார். அந்த மச்சானுக்கு வரும் 22 அன்று இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன். இரண்டு வாரமாக "வேணாம், அப்புறம் பாக்கலாம்" என்று தட்டிக்கழிக்கிறார். காரணம் கேட்டால் சுவரைப் பார்க்கிறார்.

இப்போது காரணம் தெரிந்துவிட்டது.

ஜூன் 12, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மச்சான் வீடு. இளைத்துவிட்டார். சட்டை அவர்மேல் தொங்குகிறது. மாமி கொடுத்த பாயசத்தைத் தொடவில்லை.

நேராகக் கேட்டேன். முதலில் கோபம். அப்புறம் சொன்னார்.

"நான் செஞ்சத நானே கேட்டேன் மாப்ளே. என் கையால இழைச்சு, என் கையால பாலிஷ் போட்டேன். அது என்னத்தான் கூப்புடுது."

"புழு மச்சான். மரத்துக்குள்ள புழு."

"புழு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா மரத்தோட கெடக்கறேன். இது நம்மூரு புழு சத்தம் இல்ல."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஆஸ்பத்திரில போயி படுத்தா நேரா அதுலதான் ஏத்துவாங்க. நான் போகல. வுட்டுடு."

டாக்டர் சொன்னது வேறு. தள்ளிப்போட்டால் நடு ரோட்டில் போய்விடுவாராம். நூரு இரவு சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் எரிச்சல், அதைவிடப் பாசம்.

ஜூன் 13, சனி

புழுக்கம். மச்சானின் பட்டறைக்குப் போனேன். எந்த மரம் என்று கேட்டேன். வெளிநாட்டு மிஷின் ஒன்று வந்த பெட்டிப் பலகையாம். ஹோட்டல்காரர்களுக்குப் பெஞ்சு செய்ய மொத்தமாக வாங்கியது. அதில் நல்லதாகப் பொறுக்கி சந்தூக்கு. பெஞ்சுகளில் சத்தம் இல்லை, போய்ப் பார்த்துவிட்டேன். நாலு கடை, நாலு காபி. கடைசிக் காபி படு மட்டம்.

"முத்திரை இருந்துச்சா?"

"கதிர் மாரி ஒண்ணு இருந்துச்சு. மையத்து தூக்கறதுல கம்பெனி முத்திரை எதுக்குன்னு இழைச்சுட்டேன்."

நாடு விட்டு நாடு போகிற மரப்பெட்டியில் கதிர் முத்திரை என்றால் மரத்தின் நடுப்பகுதி ஐம்பத்தாறு டிகிரியில் அரை மணி நேரம் நின்றது என்று அர்த்தம். உள்ளே எதுவும் உயிரோடு இல்லை என்று அர்த்தம். நான் தினமும் குத்துகிற அதே முத்திரை. எங்கேயோ ஒரு ஊரில் என்னைப் போல ஒருவன் சூடேற்றாமலே குத்தியிருக்கிறான். முகம் தெரியாத அவன் நினைப்பாகவே வண்டி ஓட்டி வந்தேன். அஜந்தா சிக்னலில் திட்டு வாங்கினேன்.

செய்ய வேண்டியவை: பள்ளிவாசல் நிர்வாகி முத்தவல்லியிடம் அனுமதி (பாலிஷ் என்று சொல்ல). லோடு ஆட்டோ. தார்ப்பாய். கேஸ்!!

ஜூன் 16, செவ்வாய்

சந்தூக்கைச் சூடேற்ற என் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தார்ப்பாய் காற்றில் விலகிக்கொண்டே இருந்தது. வெறும் சந்தூக்கு என்று யாருக்குத் தெரியும்? ரோட்டில் பைக்குகள் ஒதுங்கின. ஒரு பூக்காரம்மா எழுந்து நின்றார். சிக்னலில் பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர், தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"யாரு மிசியே?"

"யாரும் இல்லங்க."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போது பார்த்து அது கர்ரக் என்றது. தொப்பியைத் தலையில் வைக்காமலே வேகமாக ரோட்டைக் கடந்துபோனார்.

பட்டறையில் ஆட்கள் தொட மாட்டேன் என்றார்கள். டிரைவரும் நானும்தான் இறக்கினோம். டெம்பரேச்சர் கம்பி நுழைக்கத் தலைப்பக்கப் பலகையில் சின்ன ஓட்டை போட்டேன். போடும்போது சத்தம் நின்றது. எடுத்ததும் தொடங்கியது. கேட்டுக்கொண்டிருந்த மாதிரி.

சூட்டறைக் கதவைச் சாத்தினேன். சூடு ஏற ஏற விசிறி இரைச்சல்தான். ஆனால் விசிறி திசை மாற அவ்வப்போது நின்று திரும்பும். அந்த இடைவெளியில் இரும்புக் கதவில் காதை வைத்தேன். முப்பத்தெட்டு டிகிரி. முன்பைவிட வேகமாக, விடாமல் கடித்துக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, பல. அடுத்த இடைவெளியில் ஒன்றிரண்டு. அதற்கடுத்ததில் ஒன்றும் இல்லை.

இத்தனை வருஷத்தில் பூச்சிக்காக நான் வருத்தப்பட்டதில்லை. இன்று கொஞ்சம் என்னவோ போல இருந்தது.

ஆறியதும் கவிழ்த்துப் பார்த்தேன். கால் இணையும் இடத்தைத் திறந்தேன். வெள்ளைப் புழு, சுண்டுவிரல் தடிமன், பழுப்புத் தலை. செத்திருந்தது. பாட்டிலில் போட்டுக்கொண்டேன், மச்சானுக்குக் காட்ட.

அடிப்பலகையில் ஒரு துளை. வட்டம், பேனா நுழையும். வண்டாகி வெளியே போன துளை. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. புதிது இல்லை. போன வருஷமே போயிருக்க வேண்டும்.

அது எங்கே போனது?

ஜூன் 17, புதன்

இரண்டு சொட்டு மழை. மண் வாசனைக்குக்கூடப் போதவில்லை.

மச்சானைப் பள்ளிக்குக் கூட்டி வந்தேன். பாட்டிலைக் காட்டியதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தூக்கின்மேல் காதை வைத்தார். ரொம்ப நேரம். மோதினார் வாசலிலேயே நின்றார்.

"இல்ல மாப்ளே," என்றார். "நின்னுடுச்சு." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். சின்ன வயதில்கூட அவர் அழுது நூரு பார்த்ததில்லையாம்.

போகும்போது சொன்னார், "திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு நீயும் வா. தனியா போவ மாட்டேன்."

துளையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. மெழுகு வைத்து அடைத்துவிட்டேன்.

ஜூன் 20, சனி

கேஸ் வந்துவிட்டது. தலைவலி. துளை நினைப்பாகவே இருக்கிறது. வெளிநாடுகளில் இப்படிப் பெட்டியில் வந்த வண்டுக்காகத் தெருத் தெருவாக மரம் வெட்டியிருக்கிறார்கள். நம் பக்கம் மாந்தோப்பு, பலாத்தோப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரம். சொன்னால் அதிகாரிகள் சந்தூக்கை எடுத்துப்போய் எரிப்பார்கள். மச்சான் காதுக்கு அது எட்டினால்? ஆபரேஷன் முடியட்டும்.

ஜூன் 22, திங்கள்

ஆஸ்பத்திரி. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மச்சான் என் கையை விடவில்லை. நர்ஸ்தான் பிரித்துவிட்டார். மாலை வரை வெளியே. டாக்டர், "முடிஞ்சுது, நாளைக்குத்தான் சொல்ல முடியும்." நூரு அங்கேயே தங்கிவிட்டாள்.

ஜூன் 23, செவ்வாய்

லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் முற்றத்தில் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், போனைக் கையில் வைத்துக்கொண்டு. பின்னறையின் ஜன்னலுக்கு நேரே இந்த மரம். சட்டைத் தோளில் என்னவோ உதிர்ந்தது. தட்டினேன். மறுபடி. மரத்தூள். நிமிர்ந்து பார்த்தேன். அடிமரத்தில், கிளை பிரியும் இடத்துக்குக் கீழே, பட்டையில் ஈரக்கசிவு, அதிலிருந்து தூள்.

நம்மூர் வண்டாக இருக்கலாம். இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே காதை வைத்தேன்.

கர்ரக். கொஞ்சம் நின்று, கர்ரக்.

போன். நூரு அழுதுகொண்டே சிரிக்கிறாள். "கண்ண முழிச்சுட்டாருங்க. கொழாய எடுத்துட்டாங்க, பேசறாரு. மொத வார்த்தையே, சத்தம் ஏதாச்சும் கேக்குதான்னு மாப்ளகிட்ட கேளுன்றாரு."

காது மரத்தில்தான் இருந்தது.

"எதுவும் கேக்கலன்னு சொல்லு," என்றேன்.

மோதினார், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்கிற இடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அல்ஹம்துலில்லாஹ், மச்சான் பிழைத்துவிட்டார். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு துறைமுகத்துப் பூச்சித்தடுப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். பொறுமையாகக் கேட்டார். மரம் எங்கே, என்ன மரம், தூள் எப்படி.

"எதுல இருந்து வந்துருக்கும்னு நெனைக்கிறீங்க சார்?"

சொன்னேன்.