முதல் கூப்பாட்டுக்கு

திங்கள்
காலையில் மழை. வாவி ஒரே கலங்கல். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதுகிறது. மகள் ஜெசிந்தா போட்டுத் தந்தது. வேறு யாரும் பார்க்கமாட்டார்களாம்.

அவள் மீன் கொம்பனியில் கணக்கு எழுதுகிறவள். தோணிக்காரன் ஆபத்தில் தன் போனை அழுத்தினால் கரையிலிருக்கும் போன் பதில் சொல்ல வேண்டும். அப்படி ஓர் ஆப், வெள்ளிக்கிழமைக்குள். மனேஜரின் கட்டளை. முடியாவிட்டால் அவளுடைய கதிரைக்கு வேறு ஆள். முன்பின் செய்ததில்லை. வீடியோ பார்த்துப் படிக்கிறாள். சோறு ஆறிக் கிடக்கிறது.

செவ்வாய்
வெயில். தோணியில் போய் அழுத்திப் பார்த்தேன். போனில் தெரியும் வரைபடத்தில், நான் நின்ற இடத்துக்கு சிவப்புப் புள்ளி வந்ததாம். கரையில் அவளுடைய போன் உடனே, "வாறன்." அவளுடைய குரலேதான். வேறு குரல் தேட நேரமில்லையாம்.

எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீரில் முகம் தெரியாத கூப்பாடு வந்தால் மூன்றாம் தரத்துக்குத்தான் நாங்கள் குரல் கொடுப்பது. மனிசரல்லாத மற்றது மூன்று தரம் கூப்பிடாது. சொன்னேன்.

"தாழுற மனிசன் மூண்டு தரம் அழுத்துவானா அப்பா? விசர்க் கதை கதைக்காதீங்க."

அதுவும் சரிதான். ஆனாலும் மச்சான் அந்தோனி முதல் கூப்பாட்டுக்கே "வாறன்" என்று இறங்கிப் போனது நேற்றுப் போல. அவனுடைய நீலக் கட்டம் போட்ட சாரன் வாவியோரக் கண்டல் மரத்தின் வேரில் கிடந்தது. ஆள் இல்லை.

புதன்
இடியப்பம், சொதி. முதுகு உளைவு. பின்னேரம் இரண்டு போனும் மேசையில், யாரும் தொடவில்லை. அவளுடையது அடித்தது. "வாறன்" என்றது. புள்ளி கண்டல் காட்டுப் பக்கம்.

"என்னகா இது?"

"பிழை அப்பா. நான்தான் எங்கயோ பிழையா எழுதிட்டன்."

வியாழன்
காற்றில்லை. மீனுமில்லை. தேடித் தேடியும் பிழை அகப்படவில்லை. மூன்று தரம் அழுத்தினால்தான் பதில் என்று மாற்றினாள். எனக்காக இல்லை, அடிப்பது நிற்குமா என்று பார்க்க.

மத்தியானம் அடித்தது. ஒரு தரம். இன்னொரு தரம். அவ்வளவுதான்.

என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு மனேஜர், போனில்: "மூண்டு தரமா? ஆருக்குப் பிள்ளை அவ்வளவு நேரம் கிடக்கு? மாத்துங்க, மாத்துங்க."

மாற்றினாள்.

வெள்ளி
கரையில் நின்றே பேசுகிறேன். ஜெசிந்தா தோணியில், தனியே. கம்பு ஊன்றித் தோணி தள்ள அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மனேஜர் என் பக்கத்தில். அவருடைய போனிலும் இப்போது ஆப். அவள் கையை உயர்த்திக் காட்டிவிட்டு அழுத்துவதாகப் பேச்சு.

கை இன்னும் உயரவில்லை. மனேஜரின் போன் அடிக்கிறது. புள்ளி அவள் நிற்கும் இடத்தில் இல்லை. கண்டலுக்குள்.

"வாறன்." என் மகளின் குரல்.

"பாத்தீங்களா ஐயா, என்ன கெதியா பதில் சொல்லுது! உங்கட பிள்ளைக்கு இனி வேலை உறுதி."

தோணி திரும்புகிறது. கண்டல் பக்கம். கத்துகிறேன், பார்க்கிறாளில்லை. கம்பு அவள் மடியில் கிடக்கிறது.