கயிற்றின் மூன்றாவது அடி

போத்ரியே, ஸ்லோவேனியா
ஜூன் 9

அன்புள்ள தம்பி யெர்னெய்க்கு,

ரொசாலியா எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் பிரித்தாயே, அதற்கே நன்றி. அர்ஜென்டினாவில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். நீ அங்கேயும் ஒரு மலையடிவாரத்தில்தான் இருக்கிறாய் என்று உன் அக்கா பவ்லா சொன்னாள். மலைக்குப் பயந்து ஓடினவன் இன்னொரு மலையின் காலடியில் போய் விழுந்தானே என்று சிரித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

இங்கே செர்ரி எல்லாம் ஆலங்கட்டி மழையில் போயிற்று. மர அறுவை ஆலையை மூடிவிட்டார்கள். எனக்கு முட்டிவலி. இந்த முட்டியோடு, ஐம்பத்துநான்கு வயதில், நான் தெம்னா மலை ஏறினேன். என் வீட்டுக்காரர் லோய்ஸே இருந்தவரை, கோழிக்கூட்டு ஏணியே எனக்கு உயரம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். உனக்கு நினைவிருக்கும்.

ஏன் ஏறினேன் என்று சொல்ல வேண்டும். வசந்தத்தில் மலையேறுவோர் சங்கம் அடிவாரக் குடிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தது. உள்ளே, உச்சிக்கு வருகிறவர்கள் பெயரும் இறங்கும் வழியும் எழுதுகிற புத்தகம், பதினோரு வருடத்துக்கு முந்தையது, உங்கள் பக்கம் திறந்தபடி. உன் பெயரும் லோய்ஸே பெயரும், பக்கத்தில் 'இறங்கும் வழி: வடக்கு' என்றும். கீழே ஓர் அட்டையில் இப்படி எழுதியிருந்தது: யெர்னெய் வடக்கு என்று எழுதிவிட்டுத் தெற்கே இறங்கினான். மீட்புக்குழு இரண்டு நாள் வடக்கே தேடியது. தெற்குப் பள்ளத்தில் கால் முறிந்து கிடந்த லோய்ஸே குளிரில் இறந்தார். எழுதிய வழியிலேயே இறங்குங்கள். நான் ரொட்டி கொண்டுபோன அன்று பள்ளிப் பிள்ளைகள் அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். உதவி தேடி ஓடிய நீயும் பாறையில் விழுந்து நினைவில்லாமல் கிடந்தாய் என்று அட்டையில் இல்லை.

அன்று மதியமே சத்தம் தொடங்கியது. துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மாடிப்படியில் கனத்த பூட்ஸ் ஏறி வரும். ஏழாவது படியில் நிற்கும். எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. தினமும் வந்தது, இரவிலும். நான் தூங்குவதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். அங்கே அது வாசலில் வந்து நின்றது.

பவ்லாவிடம் போய் உச்சிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொறப்படுறதுக்கு முன்னாடியே ஒனக்கு மூச்சு வாங்குது, ரோசா" என்றாள். ஆனாலும் தன் பழைய பூட்ஸைக் கொடுத்தாள், பனியில் வழுக்காமலிருக்க இரும்புப் பற்களை அதன் அடியில் கட்டும் விதத்தைக் காட்டினாள், மறுநாள் விடியலில் வந்து கதவைத் தட்டினாள்.

தேவதாரு மரங்கள் முடிகிற இடம்வரை பரவாயில்லை. அதற்குமேல் பனி. ஜூனிலும் அங்கே முழங்கால் ஆழம் கிடக்கிறது. பவ்லா குத்திய தடத்திலேயே என் காலையும் வைத்தேன். பத்தடிக்கு ஒரு தரம் நின்றேன். இருமினால்கூட விழுந்துவிடுவேன் என்று இருந்தது. அப்போதுதான் பின்னால் கேட்டது. நொறுக், நொறுக் என்று. நான் நின்றால் அதுவும் நின்றது, ஆனால் ஓர் அடி தாமதமாக. பவ்லாவிடம் கேட்டேன். பனியில் எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும், திரும்பிப் பார்க்காதே என்றாள். அவளுக்கும் கேட்டதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இரும்பு வடம் பிடித்து ஏறும் இடத்தில் கை உறைந்துவிட்டது. அழுதேன். திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இருந்த அது நகரவில்லை. அதைத் தாண்டி இறங்க எனக்குத் துணிவில்லை, அதனால் ஏறினேன்.

உச்சியில் முதல் தரம் வருகிறவர்களுக்கு உண்டான மரியாதையை எனக்கும் செய்தாள். குனியவைத்துக் கயிற்றால் பின்புறத்தில் இரண்டு அடி. நாங்கள் இரண்டு கிழவிகளும் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. மூன்றாவது அடி கையெழுத்துப் போட்ட பிறகு என்று தகரப் பெட்டியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

யெர்னெய், சவ அடக்கத்துக்கு முந்தின நாள் சங்கத்தலைவர் அந்தப் பழைய புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். வடக்கு என்று எழுதியது லோய்ஸேயின் கையா என்று கேட்டார். நான் பார்த்தேன். பலகையில் அவர் குறி போடுகிற தட்டைச் சிவப்புப் பென்சிலால், தடித்த எழுத்தில் இருந்தது. அவர் உடலோடு வந்த கோட்டின் பையிலிருந்து நான் எடுத்த அந்தப் பென்சில், அந்த நேரம் என் மேலங்கிப் பைக்குள் இருந்தது. நான் "இல்லை" என்றேன்.

வடக்கே இறங்கிக் காட்டுகிறேன் என்று அவர் மதுக்கடையில் சவால் விட்டது எனக்குத் தெரியும். வீம்புக்கு எழுதிவிட்டு, காற்றைப் பார்த்ததும் உன் பேச்சைக் கேட்டுத் தெற்கே திரும்பியிருப்பார். அந்த வீம்பே அவரைக் கொன்றது என்று ஊர் பேசுவதை என்னால் தாங்க முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. நீ திரும்பி வந்தாய், அவர் வரவில்லை. அதற்காக உன்னை வெறுத்தேன். நீ மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். நீ வாயே திறக்காமல் கப்பல் ஏறிவிட்டாய்.

அதே பென்சிலைக் கொண்டுபோயிருந்தேன். என் பெயர், இறங்கும் வழி தெற்கு என்று எழுதினேன். அடியில், பதினோரு வருடத்துக்கு முன் வடக்கு என்று எழுதியது என் கணவர், எனக்கு அன்றே தெரியும் என்று எழுதினேன்.

பவ்லா வாங்கிப் படித்தாள். கையில் கயிறு அப்படியே இருந்தது.

"பதினோரு வருஷமா ஒரே கடையில ரொட்டி வாங்கினோமே, ரோசா" என்றாள்.

என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போவாள் என்று நினைத்தேன். அவள் கயிற்றின் ஒரு நுனியை என் இடுப்பில் கட்டினாள்.

"மொதல்ல உசுரோட எறங்கு. என் கோவம் கீழ வந்து காத்திருக்கும்" என்றாள்.

மூன்றாவது அடி என்று முனகினேன். "அது என் கையால இல்ல" என்றாள்.

தெற்குப் பள்ளம்வரை பின்னால் அந்தச் சத்தம் வந்தது. லோய்ஸே கிடந்த பாறைக்கு அருகில் நின்றுபோயிற்று. காத்திருந்தேன், வரவில்லை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பவ்லா கயிற்றை இழுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அட்டையை எடுத்துவிட்டார்கள். கடையில் யாரும் என்னோடு பேசுவதில்லை, அது நியாயம்தான். பவ்லா மட்டும் நேற்று மோரும் கோதுமைக்களியும் கொண்டுவந்து, நான் தின்றுமுடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது படியில் சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது. மதியமானால் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. கடவுள் உன்னை நல்ல உடம்போடு வைத்திருக்கட்டும். பவ்லா அந்தக் கயிற்றைத் தன் வாசற்கதவு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். என் மூன்றாவது அடி அதில் அப்படியே இருக்கிறது. நீ வந்து கொடு, தம்பி. ஓங்கியே கொடு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
ரொசாலியா