ஆள் இல்லாத பார்க்

மதுரை
18-3-1979

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சாதிகா எழுதுவது. அல்லாஹ் கிருபையால் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, கோபத்தைத் தவிர. ஜித்தா வெயில் உங்களை வாட்டாமல் இருக்க துஆ செய்கிறேன்.

நம் தெருமுனைப் பார்க்கை இடித்துவிட்டுக் கட்டப்போகும் கடைகளில் ஒன்றுக்கு உங்கள் பெயரில் மனுக் கொடுக்கச் சொன்னீர்கள். கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்துப் பார்க் அது. யுத்தத்தின்போது அங்கே பதுங்கு குழி வெட்டினார்கள். பிறகு அதை மூடி, கொடிக்கம்பம் நட்டுச் சுதந்திரம் கொண்டாடினார்கள். அத்தனையையும் நம் தெருப் பெண்கள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள். என் அம்மாவும் அவர் தோழிகளும் நடையாய் நடந்து கேட்டு வாங்கியதுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம். அன்று கேட்டில் படுதா தொங்கும், ஆண்கள் உள்ளே வரக்கூடாது. நிக்காஹ்வுக்கு முன்னால் என்னைப் பார்க்க மதிலேறி, வாட்ச்மேன் நல்லகாமன் அண்ணனிடம் பிடிபட்டு அசடு வழிந்தீர்களே, மறந்துவிட்டதா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இடத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்திருக்கிறார். இப்போது விட முடியாது என்றிருக்கிறார் நல்லகாமன் அண்ணன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று அதிகாரி கேட்க, "ஆளு யாரும் இல்லைங்கய்யா, பொம்பளைகதான் இருக்காக" என்று இவர் சொல்ல, 'ஆள் நடமாட்டம் இல்லாத பார்க்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். படுதாவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் உட்கார இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறோம்!

விஷயம் தெரிந்ததும், உசிலம்பட்டியிலிருந்து காய்கறி கொண்டுவரும் ஒச்சாயி அக்கா, "ஆளு இல்லைன்னா நாங்க என்ன ஆடு மாடா?" என்று படுதாவைப் பிடுங்கி எறிந்தார். நேற்று சனிக்கிழமை, எங்கள் நாளே இல்லை. அளவுச் சங்கிலியும் சிப்பந்திகளுமாக அந்த அதிகாரி வந்தார். நாங்கள் கேட்டை அகலத் திறந்து, தெருவைப் பார்த்தபடி குறுக்கே உட்கார்ந்துவிட்டோம். நல்லகாமன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சார், இப்ப ஆளை எண்ணிக்கங்க" என்று சொன்னது வேறு யாருமில்லை, உங்கள் பெண்டாட்டிதான். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். நாளைக்கும் வருவார்களாம். வரட்டும், நாங்களும் போவோம்.

நீங்கள் ஊரோடு வந்து கடை வைக்க வேண்டும் என்று உங்களைவிட எனக்குத்தான் ஆசை. தனியாக இருந்து அலுத்துவிட்டது மச்சான். அவனியாபுரத்தில் இடம் பார்ப்போம், நானும் கூட வந்து தேடுகிறேன். அம்மா வாங்கிக் கொடுத்த இடத்தைத் தோண்டி நமக்கு ஒரு கடை வேண்டாம்.

இன்னொன்று. 'வீட்டில் ஆள் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இரு' என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். இனிமேல் அப்படி எழுதாதீர்கள். வீட்டில் ஆள் இருக்கிறது. சீக்கிரம் வந்து பாருங்கள், இந்த முறை மதிலேற வேண்டாம்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
சாதிகா