மூன்றாம் சரணத்து இருமல்

அன்புள்ள குண்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மா நம்பவில்லை. அவளுக்கும் சேர்த்து நானே நம்பிக்கொள்கிறேன்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, உனக்கு எதிராக ஓட்டுப் போட்டுவிட்டேன். வேண்டுமென்று போடவில்லை. சங்கத்து அறையில் மின்விசிறி நின்றுபோயிருந்தது. கூட்டம் நடக்கும்போதே ஸ்டூல் மேல் ஏறி, இரண்டு கையையும் தூக்கிக் கண்டென்சரை மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே தலைவர், "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். என் காதில் விழவில்லை. ஏற்கெனவே தூக்கியிருந்த கையை எண்ணிவிட்டார்கள். இரண்டு கை இருந்தும் ஒரு ஓட்டாகத்தான் எண்ணினார்கள், அந்த அளவுக்கு நேர்மையான சங்கம். மின்விசிறி சுற்றியதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் என்று நினைத்து, ஸ்டூலில் நின்றபடியே கும்பிட்டேன். இறங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, கைதட்டல் தீர்மானத்துக்கு. எட்டுக்கு ஏழு. அந்த எட்டாவது கையில் டெஸ்டர் இருந்தது.

எங்கள் சங்கத்தை நீ எப்போதும் கிண்டல் செய்வாய். மருந்துக்கடை மாடியில் பதினைந்து பேர், ஞாயிறு காலை பத்து மணி, மேடை ஏறாத ஜனங்கள் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டுகளைப் போட்டுக் கேட்பது, பிறகு சண்டை போடுவது. அன்றைக்குச் சண்டை அந்தச் சலவைக்காரம்மாவின் தாலாட்டைப் பற்றி. வேலைக்குப் போகிற தாய் பிள்ளையைத் தூங்கச் சொல்லாமல், நான் வரும்வரை முழித்திரு கண்ணே என்று கெஞ்சுகிற பாட்டு. உன் கம்பெனி அதைத் தூசு தட்டி, மேளம் சேர்த்து, மூன்றாவது சரணத்தில் இருந்த இருமலை எடுத்துவிட்டு வெளியிட்டிருக்கிறதே, அதுதான். அந்த இருமலை எடுத்தவன் நீ என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. உறையின் அடியில் எறும்பு வரிசை மாதிரி பள்ளிக்கூடத்தில் கொடுத்த உன் பெயர் அச்சாகியிருந்தது. அவர்களுக்கு நீ ஒயர்மேன் வீட்டுக் குண்டு, அவ்வளவுதான்.

தீர்மானம் இதுதான். முதல் பத்தியில் கம்பெனிக்குக் கண்டனம். அது போகட்டும். இரண்டாவது பத்தியில், இருமலை நீக்கிய நபரை, பெயரைப் போட்டு, இனி இப்படிப்பட்ட வேலைகளில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மேலாளருக்கே எழுதுவது. அடுத்த மாதம்தான் உன்னை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நீ போனில் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடிதத்தைத் தட்டச்சு செய்து அடுத்த ஞாயிறு படித்துக் காட்டிவிட்டு அனுப்புவதாக முடிவு. எனக்கு ஒரு வாரம் இருந்தது.

ஒரு இருமலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நீ கேட்பாய். அது சாதாரண இருமல் இல்லை, குண்டு. நம் தலைவர், சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர், அதைப் பற்றி முப்பத்திரண்டு பக்கத்தில் புத்தகமே போட்டிருக்கிறார். பாடிக்கொண்டே வந்தவள் இருமி, ஒரு நொடி நின்று, பிறகு சுருதியை இறக்கிப் பாடுகிறாள். அந்த இறக்கத்தில் அவள் வாழ்க்கையே இருக்கிறதாம். இரண்டாவது தடவை பாட மறுத்துவிட்டாளாம், கலையை விற்கத் தெரியாதவளாம். தையல்காரர் எழுந்து நின்று பேசினார். "சட்டை பத்தலைன்னா சட்டையைத்தான் பிரிக்கணும், ஆளைச் செதுக்கக் கூடாது" என்றார். பஸ்ஸில் வேலை பார்க்கிற கண்டக்டரம்மா விடவில்லை. "முப்பது வருஷமா பதினஞ்சு பேர் கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டோம். இப்ப என் பஸ்ல நாப்பது பேர் முணுமுணுக்கிறாங்க. அந்தம்மா என்ன, கதவைச் சாத்திட்டுக் கேளுங்கன்னு சொல்லியா பாடுனா?" தையல்காரர், "அவங்க முணுமுணுக்கிறது பாட்டை இல்ல, அதைப் போட்ட பிஸ்கட் விளம்பரத்தை" என்றார். "பிஸ்கட் திங்கிறவனுக்குக் காது கிடையாதா?" என்றார் கண்டக்டரம்மா. மருந்துக்கடைக்காரர்தான் செயலாளர். அவர், "விக்காம இருக்கிறதே பெருமைன்னா என் கடையில பாதி மருந்துக்கு மாலை போடணும்" என்று சொல்லிவிட்டு, கடைசியில் கையை மட்டும் தீர்மானத்துக்குத் தூக்கினார். அவர் மாடி, அவர் கை. யார் கேட்பது?

யார் பேசினாலும் எனக்குச் சரி என்றே பட்டது. அதுதான் என் கோளாறு. பழைய பாட்டைக் கேட்கும்போது தலைவர் பக்கம் சாய்கிறேன். நீ செய்ததை அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டே போனில் போட்டுக் கேட்கும்போது, ஏழு பேர் பக்கம் சாய்கிறேன். அம்மாவிடம் அபிப்பிராயம் கேட்டேன். "பிள்ளை நல்லாத்தான் செஞ்சிருக்கான். நீங்க பக்கத்துல நின்னு பேசாதீங்க, பாட்டு கேக்கல" என்றாள்.

இனி உனக்கும் இதுவரை சொல்லாத ஒரு விஷயம். அந்த இருமல் அந்தம்மாவுடையது இல்லை. என்னுடையது.

சிரிக்காதே. சலவைக் கூடத்துச் சரக்கறையில் அந்தப் பதிவு நடந்தது. சுற்றிலும் படுக்கை விரிப்பு மூட்டைகள், எதிரொலி வராது என்று பதிவுக்காரர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். சுவரில் பிளக் பாயின்ட் தொளதொள என்று இருந்தது. கையை விட்டால் மெஷின் நின்றுவிடும். அதனால் ஒயர்மேன் ஒருவனைக் கூப்பிட்டு, குத்துக்காலிட்டு உட்காரவைத்து, இரண்டு கையாலும் பிளக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். "மூச்சு விடலாம், அசையக் கூடாது" என்றார் பதிவுக்காரர். நான் அசையவில்லை. மூன்றாவது சரணத்தில் இருமல் மட்டும் கேட்டது. அந்தம்மா நிறுத்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சுருதியை இறக்கி, மெதுவாக, மீதியைப் பாடி முடித்தாள். பதிவுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாடச் சொன்னார். "ஷிஃப்ட்டுக்கு மணி அடிச்சாச்சு, என்னால ஆகாதுங்க" என்றாள். கலையை விற்க மறுத்த கதை இவ்வளவுதான். போகும்போது ஒரு சொம்பு தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். என் கை இரண்டும் பிளக்கில். அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறதாம். உன் கம்பெனிக்காரர்கள் அவள் மகளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் பத்து வருஷம் கழித்து, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கச் சங்கத்துக்குப் போனேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க அவர்கள் போட்டது இந்தப் பாட்டை. என் இருமலை நானே கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மன்னிச்சுக்குங்க, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்ல இருமல்ங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கே என்னை உறுப்பினர் ஆக்கினார்கள். என் வாழ்க்கையில் தேர்வு எழுதாமல் பாஸ் ஆனது அது ஒன்றில்தான்.

ஆகவே அந்த வாரம் முழுக்கக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருமிப் பழகினேன். அப்பாவுக்கு ஒரு வாரமாக இருமல் என்று அம்மா உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். நம்பாதே, அது ஒத்திகை. வீணாக மூன்று நாள் கஷாயம் குடிக்க வைத்துவிட்டாள். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

போன ஞாயிறு எழுந்து நின்றேன். முதலில், என் கை ஆதரவுக் கை இல்லை, மின்விசிறிக் கை என்றேன். சிரித்தார்கள். செயலாளர், "குறிப்பேட்டுல ஏறிடுச்சு அண்ணே, இனி இறங்காது" என்றார். அடுத்து, அந்த இருமல் என்னுடையது என்றேன். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தலைவர் பழைய பாட்டைப் போட்டு, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "இருமுங்க" என்றார்.

பதினான்கு பேர் பார்க்கும்போது இருமல் வருமா? வரவில்லை. தொண்டையைக் கனைத்தேன். இரண்டாவது தடவை, கஷாயம் எல்லாம் சேர்ந்து ஒன்று வந்தது. தலைவர் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றிவைத்து, வருத்தமாகவே சொன்னார். "பொருந்தல. உங்க இருமல்ல சளி இருக்கு, துக்கம் இல்ல."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீங்கள் பெயர் போட்டு எழுதப்போகிற பையன் என் மகன், அடுத்த மாதம் அவன் வேலை நிரந்தரம் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன். நன்றாகத்தான் மாட்டியிருக்கிறேன், லேசாகக்கூட ஆடவில்லை. கண்டக்டரம்மாதான் முதலில் பேசினார். "ஏன் அண்ணே, இதைச் சொல்றதுக்கா இவ்வளவு இருமினீங்க?" தையல்காரர் என்னை உட்காரச் சொல்லித் தன் நாற்காலியைத் தள்ளினார். தலைவர் யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை. பேனாவை எடுத்து, இரண்டாவது பத்தியை மேலிருந்து கீழே ஒரே கோடாக அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளைக்காக அப்பன் ஒரு பொய் சொன்னா அதைப் பெரிசு பண்ண வேண்டியதில்ல. ஆனா அந்தம்மாவோட இருமலை மட்டும் தொடாதீங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ஆக உன் பெயர் இல்லை. கம்பெனிக்குக் கண்டனம் மட்டும் வரும், கோப்பில் போட்டுவிடுவார்கள். உன்னை யாராவது கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது. நீ செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. அந்த இருமலுக்கு அடியில் அவள் மூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது, பிரித்து எடுக்க மூன்று நாள் ஆயிற்று என்று நீ சொன்னாய் அல்லவா? நல்ல வேலை என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். வெட்டி எடுத்ததை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. அது உன் கம்ப்யூட்டரில் எங்கேயாவது கிடந்தால் அழித்துவிடாதே. இடத்தை அடைக்காது, ஒரு நொடிகூட இருக்காது.

அந்தப் பதிவு நடந்தபோது நீ பிறந்து பன்னிரண்டு நாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய். இரண்டு கிலோகூட இல்லாத உனக்குக் குண்டு என்று அம்மா பெயர் வைத்த கதையை அவளே நூறு தடவை சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாதது, அன்று காலை பெரிய டாக்டர் என்னை வராந்தாவில் தனியாக நிறுத்தி, இன்றைக்குத் தாண்டினால் பார்க்கலாம் என்று சொன்னது. நான்கு மணிக்குத்தான் உன்னைப் பார்க்க விடுவார்கள். அதுவரை சும்மா உட்கார முடியாமல்தான் வேலைக்குப் போனேன்.

நேரத்துக்குத் தூங்கு. ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சாப்பிடு. வேலை நிரந்தரம் ஆனதும் முதலில் அம்மாவுக்குச் சொல், பிறகு எனக்கு. நீ நூறு வயது இருக்க வேண்டும்.

தலைவர் காது நல்ல காதுதான், சரியாகத்தான் சொன்னார். சங்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றைத் தவிர. அன்றைக்கு எனக்கு இருமலே இல்லை. கையை விட முடியாததால் முகத்தைத் துடைக்க வழியில்லை. சத்தம் வெளியே வந்தபோது அதை இருமலாக ஆக்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
அப்பா